மைக் குருவையாவின் மகன்

தலை தொங்குது பாருங்க தம்பி. கையைக் கொஞ்சம் உசத்திப் பிடிங்க. ஆங், அம்புட்டுத்தான். இனி தாராபுரம் தாண்டித்தான் முழிப்பான். என்ன வயசு? இருங்க, சொல்லாதீங்க. ரெண்டரை. சரியா? பார்த்தாலே தெரிஞ்சிரும் எனக்கு. பேச ஆரம்பிச்சிட்டானா? நல்லாப் பேசுவான்னு சொல்ல வர்றீங்க. பேசட்டும் தம்பி, பேசட்டும்.

சிங்காநல்லூர்ல ஏறும்போதே பார்த்தேன், வீட்டம்மா முன்னாடி சீட்டுல, பிள்ளை உங்க மடியில. நான் என் மகனை மடியில வெச்சு பஸ்ஸுல போனதா ஞாபகமே இல்ல. எப்பவும் அவங்க அம்மா மடிதான். எனக்கு ஜன்னலோரம் வேணும், காத்து வேணும், பக்கத்துல உக்காந்திருக்கிறவர்கிட்ட பேசணும்.

மதுரைதான உங்களுக்கு? நான் மதுரைல இறங்கி சாத்தூர் பஸ் பிடிக்கணும். சாத்தூருக்கு வந்து மைக் குருவையா வீடு எதுன்னு கேளுங்க, யாரும் காட்டுவாங்க. முப்பத்தெட்டு வருசமா ஆட்டோவுல ரெண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கிட்டுத் தெருத்தெருவா அறிவிப்பு. ஜவுளிக்கடைத் திறப்பு, கோயில் கொடை விழா, தேர்தல், நாளைக்குக் குடிதண்ணி வராது, இன்னார் காலமாயிட்டார், எல்லாத்துக்கும் நான்தான். எழுதிக் குடுத்த தாளை ஒரு தடவை பார்ப்பேன். அப்புறம் பாக்கவே மாட்டேன். ஒரு தடங்கல் இருக்காது. கடைத்தெருவுல நாலு பேர் சொல்லுவாங்க, இந்த மனுசன் எங்க மூச்சு விடுறான்னே தெரியலையேன்னு.

அப்படிப்பட்டவன் பிள்ளைக்கு என்ன பேரு வெப்பான்? நாவேந்தன்னு வெச்சேன். நாக்குக்கே ராஜா. என் சம்சாரம் பூரணம், "எதுக்குங்க இம்புட்டு நீளமா, வேந்தன்னு வெச்சா என்ன"ன்னு கேட்டா. உனக்கு என்ன தெரியும்னுட்டேன்.

நாலு வயசுல ஆரம்பிச்சுது. "அ... அ... அ... அப்பா"ம்பான். முதல்ல சிரிச்சோம். நான்கூட அவனை மாதிரியே திரும்பச் சொல்லிக் காட்டுவேன், பிள்ளை சிரிக்கும். அப்புறம் ஒருநாள் பார்த்தா, அப்பாங்கிற வார்த்தைக்கு வாயைத் திறந்து வெச்சிருக்கான், சத்தமே வரல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். கழுத்துல நரம்பு புடைச்சிருச்சு. அன்னைக்கு நான் சிரிக்கல.

என்னென்ன பண்ணியிருப்பேன்னு நினைக்கிறீங்க? வசம்பை உரசித் தேன்ல குழைச்சு நாக்குல தடவினேன். இருக்கங்குடி மாரியம்மனுக்கு முடி எறக்கினேன். கூழாங்கல்லை வாயில போட்டுக்கிட்டுப் பேசச் சொன்னேன், ஒண்ணை முழுங்கிட்டான், அதுக்கு ஒரு வாரம் அவங்க அம்மாகிட்ட ஏச்சு வாங்கினேன். பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதும் தினமும் காலைல பேப்பரை எடுத்துக் கையில குடுத்துருவேன். முதல் பக்கம் சத்தமா வாசிக்கணும். எங்க திக்குதோ அங்கேயே நிறுத்தி, மறுபடி தலைப்புலேர்ந்து ஆரம்பிக்கணும். சில நாள் தலைப்பைத் தாண்டவே மாட்டான். இட்லி ஆறிப் போகும். பூரணம் அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு, "ஏங்க, பிள்ளை சாப்பிடட்டுங்க"ம்பா. "அவன் ஒரு வரி ஒழுங்கா வாசிக்கட்டும், நானே ஊட்டி விடுறேன்"னு சொல்லுவேன்.

ஊட்டி விட்டதில்ல. அது வேற விஷயம்.

அவனுக்குப் பத்து வயசு இருக்கும்போது பூரணம் பிடிவாதமா மதுரைக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா. பேச்சுக்குன்னே ஒரு அம்மா இருந்தாங்க. சின்ன வயசு, கண்ணாடி போட்டவங்க. அரை மணி நேரம் இவன்கூட ஏதோ பல்லாங்குழி மாதிரி விளையாடினாங்க. அப்புறம் எங்களைக் கூப்பிட்டு, "மெதுவாப் பேசுன்னு சொல்லாதீங்க. திரும்பச் சொல்லுன்னு சொல்லாதீங்க. அவன் வார்த்தையை நீங்க முடிச்சு வைக்காதீங்க. அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டு, எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருங்க. அது போதும்"னாங்க. நான் கேட்டேன், மருந்து? மருந்து கிடையாதாம். காத்திருக்கணுமாம். இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தோம்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

எந்திரிச்சோம். அப்ப அந்தம்மா ஒரு ஃபாரத்தைப் பார்த்துக்கிட்டே, "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா? அப்பா பக்கம், அம்மா பக்கம்?"னு கேட்டாங்க. பூரணம் இல்லைன்னா. என்னைப் பார்த்தாங்க. பையனும் என்னைப் பார்த்தான்.

"இல்ல"ன்னேன்.

இருந்துச்சு தம்பி. எனக்கு இருந்துச்சு.

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. பூரணத்துக்கே தெரியாது, இருபத்திமூணு வருசம் கூட வாழ்ந்தா. எங்க ஊர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம். எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல மூட்டை தூக்கினவர், பொறுமை கிடையாது. நான் ஒரு வார்த்தைக்குத் திக்கினா ஒரு அடி. புளியங்குச்சி. ஒம்பது வயசுல எங்க அத்தை வீட்டுக்கு சாத்தூருக்கு அனுப்பிட்டாங்க. அங்க யாருக்கும் என்னைத் தெரியாது. ரேடியோவுல செய்தி வாசிக்கிறவரு குரல் இருக்குல்ல, அதை அப்படியே பிடிச்சுக்கிட்டேன். வேற ஒருத்தர் குரல்ல பேசினா திக்கல. நிறுத்தாம பேசினா திக்கல. நிறுத்தினாத்தான் அது வரும். எங்க நிறுத்துறமோ அங்க வந்து உக்காந்திருக்கும். அதனால நான் நிறுத்துறதே இல்ல. அம்பது வருசமா நிறுத்தினதில்ல.

என்ன பார்க்கிறீங்க? இதை அவன்கிட்டச் சொல்லியிருக்கலாமேன்னுதான? இருங்க, வர்றேன்.

எனக்கு அடிச்சு சரியாச்சு. அப்படித்தான் நினைச்சேன். ஆனா நான் என் பிள்ளையை ஒரு அடி அடிச்சதில்ல தம்பி. எங்கப்பாவை மாதிரி இருக்கக் கூடாதுன்னு, கையே ஓங்கினதில்ல. அதை எழுதி வெச்சுக்கோங்க.

பதினாலு வயசு ஆச்சு. எட்டாவது முடிச்ச லீவு. எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. இவன் பயந்துக்கிட்டே இருக்கான், அதான் வரல. கூட்டத்துக்கு நடுவுல ஒரே ஒரு தடவை நின்னுட்டான்னா பயம் தெளிஞ்சு போகும். மெயின் ரோட்டுல ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு. நல்ல கூட்டம். காலைல புதுச் சட்டையைப் போட்டு ஆட்டோவுல ஏத்திக்கிட்டேன். எதுக்குன்னு சொல்லல. சொன்னா வரமாட்டான்.

கடை வாசல்ல வண்டியை நிறுத்தி நான் ரெண்டு நிமிசம் பேசினேன். அப்புறம், "அடுத்து உங்கள் முன் பேச வருவது எனது அருமை மகன்"னு சொல்லி மைக்கை அவன் கையில குடுத்துட்டேன். "பேரைச் சொல்லி, எல்லாரும் வருக வருகன்னு சொல்லு, போதும்"னு காதுல சொன்னேன். சின்ன விஷயம்தான? பேரைச் சொல்லணும். அவ்வளவுதான்.

"என் பேர் ந்... ந்... ந்..."

குழாய் ரெண்டும் நல்ல குழாய் தம்பி. அந்த ந்... ந்... தெருமுனை வரைக்கும் போகுது. முதல்ல ஒரு பொம்பளப்பிள்ளை சிரிச்சுது. அப்புறம் ரெண்டு பேர். அவனோட பள்ளிக்கூடத்துப் பயலுக நாலு பேர் அங்க நிக்கிறானுக. இவன் கண்ணை மூடிட்டான். கழுத்து நரம்பு. நான் எம்புட்டு நேரம் பார்த்துக்கிட்டு நிக்க முடியும்? மைக்கை வாங்கினேன். "மிஷின் இன்னும் சூடாகல பொதுமக்களே, சூடானதும் மறுபடி வருவார்"னேன். மொத்தக் கூட்டமும் கொல்லுன்னு சிரிச்சுது. கைகூடத் தட்டுனாங்க.

நான் அவனைக் காப்பாத்துறதா நினைச்சேன். சத்தியமா. ஒரு தமாஷாப் போயிட்டா அவனுக்குக் கூச்சம் இருக்காதுல்ல? அப்படித்தான நீங்களும் பண்ணியிருப்பீங்க?

அன்னைக்கு மத்தியானம் சாப்பிட வரல. மறுநாள் பேப்பரை நீட்டினேன். வாங்கினான், மடிச்சு, மேசையில வெச்சுட்டுப் போயிட்டான். அன்னையிலேர்ந்து என்கிட்டப் பேசல.

கோவத்துல ரெண்டு நாள் பேசாம இருக்கிறது இல்ல தம்பி. பேசல. ஏழு வருசம். தலையை ஆட்டுவான். வேணும்னா அவங்க அம்மாகிட்டச் சொல்லுவான், அவ வந்து என்கிட்டச் சொல்லுவா. "பரீட்சைக்குப் பணம் கட்டணுமாம்." "சைக்கிள் பஞ்சராம்." வயசுக் கொழுப்பு, போகப் போகச் சரியாயிரும்னு இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் சீக்கிரமா வீட்டுக்கு வர்றேன், அடுப்படியில பேச்சுச் சத்தம். யாரோ விருந்தாளி வந்திருக்காங்கன்னு நினைச்சேன். ஆம்பளைக் குரல். கட்டைக் குரல். இவன்தான். குரல் உடைஞ்சு இவனுக்கு ஆம்பளைக் குரல் வந்து எத்தனை நாளாச்சோ, எனக்குத் தெரியாது. வாத்தியாரைப் பத்தி என்னமோ சொல்றான். திக்குது, திக்கத்தான் செய்யுது, ஆனா சொல்லிக்கிட்டே போறான். பூரணம் சிரிக்கிறா, அப்படி ஒரு சிரிப்பு. நான் செருப்பைக் கழட்டாம வெளியிலயே நின்னேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு உள்ள போனேன். வாயை மூடிட்டான். தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டான்.

அதுக்கப்புறம் தினமும் அரை மணி நேரம் முன்னாடியே வந்து வாசல்ல நிப்பேன். உள்ள போக மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாரு, என்ன குருவையா, சாவி இல்லையான்னு. போன் வருதுன்னு சொல்லுவேன்.

பெத்தா நாம பிள்ளைக்குச் சொல்லிக் குடுப்போம்னு நினைக்கிறோம். எனக்கு என் பிள்ளைகிட்டேர்ந்து தெரிஞ்சது என்னன்னா, ஊரே என் குரலைக் கேக்க வாசலுக்கு வரும், நான் அவன் குரலைக் கேக்க என் வீட்டு வாசல்லயே நிக்கணும். இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நம்பியிருப்பேனா?

பூரணம் போயிட்டா. சிறுநீரகம். ரெண்டு வருசம் கஷ்டப்பட்டா, ஒரு செவ்வாய்க்கிழமை காலைல ஆஸ்பத்திரியிலேயே முடிஞ்சு போச்சு. பத்து மணிக்கு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம். எங்க ஊர்ல ஒருத்தர் தவறிட்டா ஆட்டோவுல மைக் வெச்சுச் சொல்லணும். என் கூட்டாளி சங்கரலிங்கம் வண்டியைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டான். நான் முகத்தைக் கழுவிட்டு ஏறி உக்காந்தேன். வேற யாரு சொல்றது? என் பொண்டாட்டி.

அப்ப இவன் வந்தான். இருபத்தோரு வயசு. ஆட்டோவோட கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என் முகத்தை நேராப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"நா... நா... நா..."

ஏழு வருசம் கழிச்சு என்கிட்டப் பேசுறான். ஆனா பாருங்க, தெருவுல அம்பது பேர் நிக்கிறாங்க. உள்ள உடம்பு கிடக்கு. சங்கரலிங்கம் வண்டியை ஓட விட்டிருக்கான். இவனுக்குக் கண்ணு மூடிருச்சு, கழுத்து... பார்க்க முடியல தம்பி. "நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்னுதான சொல்ற? சரிப்பா, பார்த்துக்கோ, நான் போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்"னேன்.

கம்பியிலேர்ந்து கையை எடுத்துட்டான்.

பதினோரு தெரு. ஒரு இடத்துல குரல் நடுங்கல. கட்டின பொண்டாட்டி சாவை ஒரு பிசிறில்லாம சொன்னாருய்யா மனுசன்னு இன்னைக்கும் ஊர்ல பேசிக்குவாங்க.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, பூரணத்தோட தங்கச்சி செல்லக்கனி ஒரு தாளைக் கொண்டாந்து என் மடியில வெச்சுது. நோட்டுல கிழிச்ச தாள். அவன் கையெழுத்து. "சாத்தூர் நகரப் பொதுமக்களுக்கு ஒரு துயரச் செய்தி. மைக் குருவையா அவர்களின் துணைவியாரும், நாவேந்தனின் தாயாருமான பூரணம் அம்மாள் அவர்கள்..." அப்படியே போகுது. "அன்னைக்குக் காலைல அடிபம்புகிட்ட நின்னு இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான் மச்சான். அவங்க அம்மாவுக்கு அவன் சொல்லணும்னு. 'நான் சொல்றேன்பா'ங்கிறதுக்குத்தான் உங்ககிட்ட வந்தான்"னுச்சு.

செல்லக்கனி அப்புறமும் நிக்குது. "நீங்க சொன்னதுல அவன் பேரே வரல மச்சான்"னுச்சு.

வரல. உண்மைதான். எப்பவும் உறவுக்காரங்க பேரெல்லாம் வரிசையாச் சொல்லுவேன், எந்த வீட்டுச் சாவுக்கும் ஒரு பேரை விட்டதில்ல. அன்னைக்கு அவசரம். அவசரத்துல விட்டுப் போச்சு.

மறு மாசம் அவன் கோயம்புத்தூருக்குப் போயிட்டான். மோட்டார் பம்பு கம்பெனி. பத்து வருசம் ஓடிப் போச்சு. கல்யாணம் முடிஞ்சதைச் செல்லக்கனிதான் வந்து சொல்லுச்சு, பிள்ளை பிறந்ததையும் அதுதான் சொல்லுச்சு. பேத்தி. பூரணின்னு பேரு. போன்ல போட்டோ காட்டுச்சு. மூணரை வயசு ஆகுது இப்ப.

போன வாரம் செல்லக்கனி சொல்லுது, "மச்சான், பாப்பாவுக்கும் அப்படியே வருதாம்."

இது எங்கிருந்து வருது? என்கிட்டேர்ந்து வருது. எங்கப்பா அடிச்சு விரட்டினாருன்னு நினைச்சேன், அது எங்கயும் போகல, என் வழியா அவனுக்குப் போயி, அவன் வழியா அந்தப் பிஞ்சுக்குப் போயிருச்சு. அப்பத்தான் நினைச்சேன், போவோம். போயி அவன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிருவோம். 'எனக்கும் இருந்துச்சுடா.' அவ்வளவுதான். அன்னைக்கு ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன், எனக்கும் இருந்துச்சு. நீங்க கேக்க நினைச்சீங்களே, அதுக்குத்தான் போனேன். போன்ல சொல்ல முடியாது, என் நம்பரை அவன் எடுக்க மாட்டான்.

பையில நாலு சட்டை, பிள்ளைக்கு ஒரு கவுன், சேவு, அப்புறம் கொஞ்சம் வசம்பும் தேனும். எதுக்கும் இருக்கட்டும்னு.

நேத்து மத்தியானம் போயிச் சேர்ந்தேன். மூணாவது மாடி. மருமக அபிராமி கதவைத் திறந்துச்சு. என்னைப் பார்த்ததில்ல, ஆனா கண்டுபிடிச்சுருச்சு. "வாங்க மாமா"ன்னுச்சு. நல்ல பிள்ளை. காப்பி குடுத்துச்சு. அவன் டூட்டியிலேர்ந்து ஆறு மணிக்கு வந்தான். என்னைப் பார்த்துட்டு வாசல்லயே நின்னான். தலையை ஆட்டினான். உள்ள போயி முகம் கழுவிட்டு வந்து, பிள்ளையைத் தூக்கி வெச்சுக்கிட்டான்.

என் முன்னாலயே பேசுறான் தம்பி. என்கிட்ட இல்ல, அபிராமிகிட்ட, பிள்ளைகிட்ட. திக்கித் திக்கிப் பேசுறான். கூச்சமே இல்ல. ஒரு வார்த்தை வரலைன்னா அப்படியே நிக்கிறான், அபிராமி தோசையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு நிக்குது, வார்த்தை வந்ததும் பதில் சொல்லுது. யாரும் எதையும் முடிச்சு வைக்கல. அபிராமி சொல்லுச்சு, ஞாயித்துக்கிழமையானா ஒரு பார்க்குல இந்த மாதிரி திக்குற ஆளுக முப்பது பேர் கூடுவாங்களாம், இவன்தான் முன்னால நின்னு பேசுவானாம். சரியாயிருச்சான்னு கேட்டேன். "சரியாகிறதுக்கு என்ன மாமா இருக்கு"ன்னுச்சு. எனக்குப் புரியல. திக்கிக்கிட்டே போயி கூட்டத்துல பேசுறதா?

சாப்பிட உக்காந்தோம். நானும் அவனும் எதிர் எதிரா. இப்பச் சொல்லிரணும்னு நினைக்கிறேன். எங்க ஊர் வைப்பாத்துப் பாலத்தைப் பத்திச் சொன்னேன். சங்கரலிங்கத்துக்குச் சக்கரை வியாதி வந்ததைச் சொன்னேன். வெள்ளரிக்கா விலையைச் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். சொல்ல வந்ததைத் தவிர மத்ததெல்லாம் சொன்னேன். அவன் தட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டான். கேட்டானான்னு தெரியாது, உக்காந்திருந்தான்.

இன்னைக்குக் காலைல. அவன் பார்க்குக்குக் கிளம்பிக்கிட்டிருக்கான், என்னையும் கூட்டிட்டுப் போறதா அபிராமி சொல்லுச்சு. எனக்குச் சந்தோசம். சட்டையை மாட்டிக்கிட்டு நாற்காலியில உக்காந்திருக்கேன். பிள்ளை உள்ளருந்து ஒரு தாளைக் கொண்டாந்துச்சு, ஏதோ யானை மாதிரி வரைஞ்சிருக்கு. நேரா என்கிட்ட வந்துச்சு. நேத்துப் பூரா என்கிட்ட வரவே இல்ல, இப்ப வருது.

"தா... தா... தா..."

தாத்தான்னு கூப்பிட வருது. இவன் ஷூ மாட்டிக்கிட்டிருந்தவன், அப்படியே குத்துக்கால் போட்டு உக்காந்துட்டான். பிள்ளை முகத்தையே பார்க்கிறான். முகத்துல ஒரு பதட்டம் இல்ல. நாள் பூரா உக்காந்திருப்பான் போல. ஆனா நான் அவனைப் பார்க்கல தம்பி, நான் பிள்ளையைப் பார்க்கிறேன். கண்ணு சுருங்குது. உதடு நடுங்குது. கழுத்துல, இத்தனூண்டு கழுத்துல, நரம்பு தெரியுது. எனக்கு அந்தப் புளியங்குச்சி ஞாபகம் வருது. எனக்கு மேலெல்லாம் எரியுது. எப்படிப் பொறுக்கிறது?

"தாத்தா! தாத்தான்னு சொல்லணும் கண்ணு. நல்லா மூச்சை இழுத்து, மெதுவா, எங்க சொல்லு, தாத்..."

பிள்ளை வாயை மூடிருச்சு. தாளைக் கீழ போட்டுட்டு அவங்க அப்பா காலுக்குப் பின்னால போயி நின்னுக்கிச்சு.

அவன் எந்திரிச்சான். என்னைப் பார்த்தான். பதினேழு வருசம் தம்பி.

"அப்பா, நீங்க ஊருக்குக் கிளம்புங்க"ன்னான்.

ஒரு இடத்துல திக்கல. தண்ணி மாதிரி வந்துச்சு. அப்பாங்கிற வார்த்தைகூட. அவனுக்கு வராத வார்த்தை அதுதான, நாலு வயசுல அதுலதான ஆரம்பிச்சுது. எவ்வளவு அழகாச் சொன்னான் தெரியுமா. எனக்கு ஒரு நிமிசம் சந்தோசம்கூட வந்துச்சு. அப்புறம்தான் அர்த்தம் புரிஞ்சுது.

அபிராமி, "என்னங்க இது"ன்னு ஏதோ சொல்லுச்சு. நான் வேண்டாம்மான்னு கையைக் காட்டிட்டேன். பையை எடுத்து வெச்சேன். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். அவன் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். இப்ப இல்லைன்னா எப்பச் சொல்றது? எனக்கு அறுபத்திமூணு ஆகுது. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்கும் இருந்துச்சுடான்னு சொல்லணும். மூணு வார்த்தைகூட இல்ல.

"எ... எ... எ..."

வரல தம்பி. அம்பது வருசமா எட்டிப் பார்க்காதது வந்து தொண்டையில உக்காந்துக்கிச்சு. என் கண்ணு தானா மூடிக்கிச்சு. மறுபடி திறந்து பார்க்கிறேன், அவன் முகம் மாறிப் போச்சு. முதல்ல திகைச்சான். அப்புறம் கதவுலேர்ந்து கையை எடுத்துட்டு, என் பக்கமா லேசாக் குனிஞ்சு நின்னான். சும்மா நின்னான். பிள்ளைகிட்ட உக்காந்திருந்தானே, அதே மாதிரி. என் முகத்தையே பார்க்கிறான். காத்திருக்கிறான். எனக்காக. கீழ் வீட்டுல குக்கர் சத்தம் போடுது, அபிராமி அசையாம நிக்குது, அவன் அப்படியே நிக்கிறான்.

என் வாழ்க்கையில யாரும் அப்படி என் முன்னால நின்னதில்ல. என்னால தாங்க முடியல. அவ்வளவு நேரம் ஒருத்தர் நம்மளையே பார்த்துக்கிட்டு இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. எப்படியாவது முடிச்சிரணும். எந்த வார்த்தை வருதோ அந்த வார்த்தை.

"எ... எ... என் பை"ன்னுட்டேன். "என் பையை எடுத்துக் குடுப்பா."

காலடியிலதான் இருந்துச்சு. குனிஞ்சு எடுத்துக் குடுத்தான். குடுத்துட்டும் உள்ள போகல, நிமிந்து, இன்னும் ஏதாவது வருமான்னு கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கிட்டே நின்னான்.

நான் படி இறங்கிட்டேன்.